வேதமும் விடுகதையும்

விடுகதை போடாத பாட்டியும் இல்லை. விடை தெரியாமல் விழிக்காத பேரனும் இல்லை. தொல்காப்பியர் செய்யுளின் வகைகளை எண்ணிச் சொல்லும்போது ‘பிசி’ என்று விடுகதைக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். பாட்டோடும் நூலோடும் சரியாசனம் பெற்ற அந்தப் பிசி, இன்று வார இதழ்களின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டியாகவும் கைப்பேசியில் சொல்விளையாட்டாகவும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. உருவம் மாறினாலும் உயிர் ஒன்றுதான். தெரிந்ததை மறைத்துக் கேட்பதும், மறைத்ததைத் தேடிக் காண்பதுமே அதன் உயிர்.

இந்தச் சொற்புதிரைக் கிறித்தவ வேதத்தைக் கற்பிக்கும் கருவியாகப் பயன்படுத்துவது சரியா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள். ஞாயிறு பள்ளிகளிலும், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும், கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புகளிலும், திருச்சபை மாத இதழ்களிலும் இது நெடுநாளாக நடந்து வருகிறது. எழுத்துக் கூட்டத்துக்குள் பன்னிரு சீடர்களின் பெயர்களைத் தேடச் சொல்வார்கள். கலைந்து கிடக்கும் எழுத்துகளை அடுக்கி ஓர் ஊரின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். கட்டங்களை நிரப்பி அனுப்பினால் பரிசும் உண்டு.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வருகிறது. பக்தி மிகுந்தவர்கள், “வேதம் என்ன விளையாட்டுப் பொருளா? முழங்காலில் நின்று படிக்க வேண்டியதைக் கட்டம் போட்டு நிரப்புவதா?” என்று கேட்கிறார்கள். மற்றவர்களோ, “அது அவர்கள் வீட்டுச் சங்கதி, அரசு கலைக் கல்லூரி ஆண்டு மலரில் அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆனால் இரண்டுக்கும் விடை உண்டு என்பது என் துணிபு.

முதற்கேள்வியை முதலில் பார்ப்போம். வேதத்துக்குள் புதிரைக் கொண்டுபோய்ப் புகுத்தியவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் அல்லர். அது தொடக்கத்திலிருந்தே அங்கே இருக்கிறது. நியாயாதிபதிகள் நூலில் சிம்சோன் தன் திருமண விருந்தில் முப்பது தோழர்களுக்கு ஒரு விடுகதை போடுகிறான். தின்பவனிடமிருந்து தின்பண்டமும், வலியவனிடமிருந்து இனிப்பும் வந்த கதை அது. செத்த சிங்கத்தின் உடலில் தேனீ கட்டிய கூட்டைக் கண்டவன் அவன் ஒருவனே என்பதால் வேறெவராலும் விடை சொல்ல இயலாது. பந்தயம் முப்பது உடைகள். கெடு ஏழு நாள். தோழர்கள் என்ன செய்தார்கள்? மணப்பெண்ணை மிரட்டினார்கள். வீட்டோடு கொளுத்திவிடுவோம் என்றார்கள். அவள் அழுதழுது கணவனிடம் விடையைப் பிடுங்கிக் கொடுத்தாள். வினாத்தாள் வெளியாகும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியது என்று நினைப்பவர்கள் இந்த அதிகாரத்தைப் படிக்கலாம்! தோற்ற சிம்சோன் அஸ்கலோனுக்குப் போய் முப்பது பேரைக் கொன்று, அவர்களுடைய உடைகளைக் கொண்டுவந்து பந்தயக் கடனைத் தீர்த்தான். ஒரு விடுகதைக்கு முப்பது உயிர் விலை. இதை விளையாட்டு என்று யார் சொல்வார்?

சேபா நாட்டு அரசி சாலொமோனைச் சோதிக்க வந்தபோது பொன்னும் நறுமணப் பொருளும் கொண்டுவந்தாள். அவற்றோடு கடினமான புதிர்களையும் கொண்டுவந்தாள். தானியேல் நூலில், விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவரில் ஒரு கை தோன்றிச் சில சொற்களை எழுதிவிட்டுப் போகிறது. பாபிலோனிய அறிஞர் எவராலும் படிக்க முடியவில்லை. மெனே, தெக்கேல், பெரேஸ் என்னும் அச்சொற்கள் எடைகளின், காசுகளின் பெயர்கள் என்று 1886-இல் கிளெர்மோன்-கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். கடைவீதியில் தினமும் புழங்கும் சொற்கள் அவை. ஆனால் தானியேல் அவற்றின் வேர்களைப் பார்க்கிறான். எண்ணியாயிற்று, நிறுத்தாயிற்று, பங்கிட்டாயிற்று என்று பொருள் சொல்கிறான். பங்கிடுதலைக் குறிக்கும் சொல்லிலேயே பாரசீகரின் பெயரும் ஒலிக்கிறது. நம் காளமேகம் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருக்கக்கூடிய சிலேடை அது. அன்றிரவே அரசன் கொல்லப்படுகிறான்.

எரேமியாவின் நூலில் ‘சேசாக்கு’ என்று ஒரு நாடு வருகிறது. எந்த நிலப்படத்திலும் அந்த நாடு இல்லை. எபிரேய நெடுங்கணக்கில் முதலெழுத்துக்குப் பதில் கடைசி எழுத்தையும், இரண்டாம் எழுத்துக்குப் பதில் கடைசிக்கு முந்தையதையும் மாற்றி வைத்து எழுதும் ஒரு முறை உண்டு. அதற்கு ‘அத்பாஷ்’ என்று பெயர். அம்முறைப்படி ‘பாபேல்’ என்னும் சொல்லின் மூன்று எழுத்துகளையும் மாற்றினால் ‘சேசாக்கு’ வந்து நிற்கும். தன் நாட்டை விழுங்கிய பேரரசின் பெயரை அந்நூல் இப்படி எழுத்து மாற்றியும் எழுதுகிறது. அதே நூலில் மற்ற இடங்களில் பாபிலோன் என்றே வெளிப்படையாகவும் வருவதால், இதை வெறும் அச்சத்தால் மறைத்தது என்று சொல்லிவிடவும் முடியாது. எழுத்தோடு விளையாடும் இன்பமும் கலந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் வியப்பு திருப்பாடல்களில் இருக்கிறது. 119-ஆம் பாடலில் 176 வரிகள். எபிரேய மொழிக்கு எழுத்து 22. ஓரெழுத்துக்கு எட்டு வரி வீதம் அகர வரிசையில் கட்டிய பாடல் அது. நமக்கு இது புதிதா என்ன? ஔவையின் ஆத்திசூடியை மழலைப் பருவத்திலேயே சொன்னவர்கள் நாம். எருசலேம் நகரம் எரிந்து வீழ்ந்தபின் எழுந்த புலம்பல் நூலிலும் முதல் நான்கு அதிகாரங்கள் இதே அகரவரிசையில்தான் அமைந்திருக்கின்றன. மூன்றாம் அதிகாரம் எழுத்துக்கு மூன்று வரியாக 66 வரிகள் கொண்டது. ஐந்தாம் அதிகாரத்திலும் வரிகள் 22-தான். ஆனால் அங்கே அகரவரிசை இல்லை. அழுது அழுது ஒழுங்கு குலைந்துபோன குரலாக எனக்கு அது கேட்கிறது. இதைத் தமிழ் மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பவர் காணமாட்டார். யாராவது சுட்டிக்காட்ட வேண்டும். சுட்டிக்காட்ட ஒரு புதிரைவிட நல்ல வழி எது?

145-ஆம் பாடலின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுவும் அகரவரிசைப் பாடல்தான். 22 வரிகள் இருக்க வேண்டிய இடத்தில், வழிவழியாக வந்த எபிரேயப் படியில் 21 வரிகளே இருந்தன. ‘நூன்’ என்னும் எழுத்துக்குரிய வரியைக் காணோம். கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சிரியாக் மொழிபெயர்ப்பிலும் அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. அது மூலத்தில் இருந்ததா, பின்னால் எவரோ ஓட்டையை அடைக்க எழுதியதா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். 1956-இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் பதினோராம் குகை கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து எடுத்த திருப்பாடல் சுருள் 1965-இல் பதிப்பிக்கப்பட்டபோது, எபிரேய மொழியிலேயே அந்த நூன் வரி அதில் இருந்தது! பல புதிய மொழிபெயர்ப்புகள் அவ்வரியை ஏற்றுக்கொண்டுவிட்டன. நிரம்பாத கட்டம் ஒன்று நூற்றாண்டு நூற்றாண்டாகக் காத்திருந்து நிரம்பியது போன்ற நிகழ்ச்சி இது. அகரவரிசை என்னும் புதிர் அமைப்பு இல்லாதிருந்தால் அங்கே ஒரு வரி குறைகிறது என்ற எண்ணமே எழுந்திராது.

ஆதிக் கிறித்தவர்களும் இப்பழக்கத்தை விடவில்லை. கிரேக்கத்தில் மீனைக் குறிக்கும் சொல்லின் ஐந்து எழுத்துகளையும் ஐந்து சொற்களின் முதலெழுத்தாக்கி, ‘இயேசு கிறித்து, கடவுளின் மகன், மீட்பர்’ என்று விரித்தார்கள். கல்லறைச் சுவர்களில் மீன் வரைந்தார்கள். இலத்தீனில் ‘ரோத்தாஸ் சதுரம்’ என்று ஒன்றுண்டு. ஐந்துக்கு ஐந்து கட்டம். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே ஐந்து சொற்கள் வரும். திருஞானசம்பந்தரின் மாலைமாற்றை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதன் 25 எழுத்துகளையும் சிலுவை வடிவில் அடுக்கினால் ‘எங்கள் தந்தையே’ என்று பொருள்படும் இலத்தீன் தொடர் இரண்டு முறை வருகிறது. எனவே இது கிறித்தவர்களின் மறைகுறி என்று பலர் நம்பினார்கள். ஆனால் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் இதே சதுரம் கிடைத்தபின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. வாதம் இன்னும் தீரவில்லை.

ஆக, வேதத்தைப் புதிராக்குவது அவமதிப்பு என்பவர்கள் வேதத்தையே ஒருமுறை நன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பேன். வினாவும் விடையுமாகச் சமயம் கற்பிப்பதும் தமிழுக்குப் புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தை அடுத்து, 1579-இல் கொச்சியில் அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட கிரீசித்தியானி வணக்கம் வினாவிடை வடிவில் அமைந்தது. தமிழ் அச்செழுத்துப் பிறந்த மறு ஆண்டே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது!

இப்போது இரண்டாவது கேள்வி. இதில் நமக்கென்ன?

தமிழில் ஒரு வேதக் குறுக்கெழுத்தைக் கட்டிப் பார்த்தால் நமக்கென்ன என்பது விளங்கும். 1913 டிசம்பர் 21-இல் ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது அவரிடம் இருந்தவை 26 எழுத்துகள். நம்மிடம் இருப்பவை 247. ஒரு கட்டத்தில் ஓர் உயிர்மெய் முழுதாக உட்கார வேண்டும். புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது என்று நன்னூலில் படித்திருக்கிறோம். அது தேர்வுக்கு மட்டும் என்று நினைத்திருந்தவர்களும் ஒரு குறுக்கெழுத்தைக் கட்ட உட்கார்ந்த அரை மணியில் அதன் வலிமையை உணர்ந்துவிடுவார்கள். புள்ளி விழுந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு புதுச்சொல்லைத் தொடங்கவே முடியாது. ‘ஆபிரகாம்’ என்று எழுதினால் நான்காம் கட்டத்திலிருந்து ‘காயீன்’ இறங்குவான். ஐந்தாம் கட்டத்திலிருந்து யாரும் இறங்கமாட்டார். ‘எரேமியா’வின் மூன்றாம் கட்டத்தில் ‘மிரியாம்’ பிடிப்பாள். ‘நோவா’வின் கடைக்கட்டமும் ‘யோவா’னின் நடுக்கட்டமும் கைகுலுக்கும். இப்படி ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக எடைபோடும்போது, அயல்நாட்டுப் பெயர்கள் தமிழுக்குள் வந்து என்ன உடை உடுத்தியிருக்கின்றன என்பது கண்ணில் படுகிறது.

பழைய பதிப்பில் ‘ரூத்’ என்றிருக்கிறது. ரகரம் மொழிக்கு முதலில் வாராது. தகர மெய் மொழிக்கு இறுதியில் வாராது. இரண்டே கட்டம், இரண்டும் இலக்கணத்தை மீறியவை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘ரூத்து’ என்று மூன்று கட்டமாகிறது. பாதி இலக்கணம் தேறிவிட்டது! பழைய பதிப்பில் ‘ஆதியாகமம்’ என்றிருந்த நூல் புதியதில் ‘தொடக்கநூல்’ ஆகிறது. இரண்டுக்கும் ஆறாறு கட்டங்களே என்பது தற்செயல். நான்காம் கட்டத்துக் ககரம் தவிர அடியில் வேறு எந்த எழுத்தும் பொருந்தாது. ‘யாத்திராகமம்’ ஏழு கட்டம். ‘விடுதலைப் பயணம்’ ஒன்பது. ‘சங்கீதம்’ என்று ஒரு வீட்டுப் பிள்ளை எழுதும் இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை ‘திருப்பாடல்கள்’ என்று எழுதப் பார்த்து, கட்டம் போதாமல் விழிக்கிறது. ஒரே வேதம், ஒரே மொழி. ஆனால் ஒரே புதிரை இருவரும் தீர்க்க முடியவில்லை. மொழிபெயர்ப்பு என்பது என்ன, வடசொல் ஆட்சி ஒரு காலத்தில் எப்படி இருந்தது, தனித்தமிழ் உணர்ச்சி எதுவரை வந்து பாய்ந்தது என்பவற்றையெல்லாம் ஒரு சிறுபிள்ளையின் விளையாட்டுத் தாளே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் சுவையானது சீடர்களின் பெயர்தான். முந்தைய தலைமுறைக் கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர். சீர்திருத்தச் சபைத் தமிழில் பேதுரு, பவுல், யோவான். எண்ணிப் பாருங்கள். முதல் மூவருக்கும் ஆறாறு கட்டங்கள். பின் மூவருக்கும் மும்மூன்று. சரிபாதி! நம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே ராயப்பனும் சின்னப்பனும் அருளப்பனும் இருப்பார்கள். அவர்கள் பீட்டரும் பாலும் ஜானும்தான் என்பது பக்கத்து இருக்கை நண்பனுக்குத் தெரிந்திராது.

ஏன் இந்த இரட்டை வழக்கு? இங்கேதான் புதிர் பாடமாகிறது. ‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் பெயருக்குச் ‘சிறியவன்’ என்று பொருள். ‘பவுல்’ என்று எழுதியவர் ஒலியைக் காப்பாற்றினார். ‘சின்னப்பர்’ என்று எழுதியவர் பொருளைக் காப்பாற்றினார். யோவான் என்பதன் எபிரேய மூலத்துக்கு ‘ஆண்டவர் அருளுகிறார்’ என்பது பொருள். அருளப்பர் என்னும் பெயரில் அந்த அருள் அப்படியே இருக்கிறது. ஒலியா, பொருளா? இன்று அறிவியல் கலைச்சொல்லாக்கத்தில் நம் பேராசிரியர்கள் வாதிடும் அதே கேள்வியை, மறைபரப்ப வந்தவர்களும் அவர்களுக்கு உதவிய தமிழ்ப் பண்டிதர்களும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள்.

வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தபோது இந்த வழியில் இன்னும் ஓரடி முன்னே போனார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான யோசேப்பின் பெயருக்கு எபிரேயத்தில் ‘பெருகச் செய்வாராக’ என்னும் கருத்து உண்டு. முனிவர் அவருக்கு ‘வளன்’ என்று பெயரிட்டார். திருமுழுக்கு யோவானைக் ‘கருணையன்’ என்றார். ஊர்மக்களோ யோசேப்பைச் ‘சூசை’ என்றழைத்தார்கள். சூசை இரண்டு கட்டம், வளன் மூன்று, யோசேப்பு நான்கு, ஆள் ஒருவர்தான்!

தமிழ் இலக்கிய வகுப்புகளில் தேம்பாவணியும், எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும் பாடமாக இடம்பெறுவது வழக்கம். சீறாப்புராணத்துக்கு அடுத்த பக்கத்தில் அவை இருக்கும். கம்பனைப் படிக்க உட்காரும் மாணவனுக்கு இராமன் கதை முன்பே தெரியும். பாட்டி சொல்லியிருப்பாள், தெருக்கூத்தில் பார்த்திருப்பான். தேம்பாவணியைத் திறக்கும் மாணவனுக்கோ, அவன் கிறித்தவனாக இல்லாதபோது, வளன் யார், கருணையன் யார் என்பதே தெரியாது. செய்யுள் நயத்தை உணர்வதற்குள் பெயர்க்காட்டில் வழி தவறிவிடுகிறான். குறிப்புரையை மனப்பாடம் செய்து தேர்வை முடித்துவிட்டு, அந்தக் காப்பியத்தை என்றென்றைக்குமாக மூடிவிடுகிறான். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் என்று எண்ணிக்கை மட்டும் நினைவில் நிற்கிறது. இதனால் இழப்பு கிறித்தவத்துக்கன்று, தமிழுக்கு.

இந்தப் பள்ளத்தைத் தூர்க்க வேண்டும். அதற்கு மறையுரை வேண்டியதில்லை, மதமாற்றமும் வேண்டியதில்லை. ஒரு வேதப் புதிர்த்தாள் போதும். பெரியபுராணத்தை எல்லா மதத்து மாணவர்களும் படிக்கிறோம்; படிப்பதால் யாருக்கும் ஊறு வந்ததில்லை. நம்புவதற்காகப் படிப்பது ஒன்று, அறிவதற்காகப் படிப்பது வேறொன்று. புதிர் இந்த இரண்டாவதற்கு ஏற்ற வடிவம். கட்டத்தை நிரப்புபவனிடம் அது ‘நீ நம்புகிறாயா?’ என்று கேட்பதில்லை, ‘உனக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்கிறது. பல மதத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கும் அரசு கல்லூரியில் அந்தக் கேள்விக்கு ஒரு தனி நாகரிகம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் எல்லாப் புதிரும் நல்ல புதிரா? இல்லை. பெரும்பாலானவை மோசமானவை என்று சொல்லவும் நான் தயங்கமாட்டேன்.

மெத்தூசலா வாழ்ந்த ஆண்டுகள் எத்தனை? 969. பேழையைக் கட்டியவர் யார்? நோவா. இத்தகைய கேள்விகளால் என்ன விளையும்? விடைத் தொகுப்பு நூலை வாங்கி உருப்போடும் பிள்ளை முதற்பரிசு வாங்கும். வேதத்தை ஒருமுறையும் திறந்திருக்காது. மெத்தூசலாவின் வயதைக் கேட்கிற புதிர், இறந்தான் என்ற சொல்லோடு ஒவ்வொருவரின் வரலாறும் முடிகிற அந்த அதிகாரத்தில், இறந்ததாகச் சொல்லப்படாத ஏனோக்கு என்னும் ஒருவனும் இருக்கிறானே, அவன் என்ன ஆனான் என்று கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! விடை தேடும் பிள்ளை அந்தப் பக்கத்தை முழுதும் படித்திருக்கும். வாசகனைப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிற புதிர் நல்ல புதிர். பக்கத்தைப் படிக்காமலே தப்பிக்க விடுகிற புதிர் கெட்ட புதிர். என்னுடைய அளவுகோல் இவ்வளவுதான்.

பரிசு இன்னொரு தொல்லை. பரிசு இருக்குமிடத்தில் விரைவு வந்துவிடுகிறது. விரைவு வந்தால் வியப்பு போய்விடுகிறது. தமிழ் வார இதழ்கள் பணப் பரிசோடு குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய காலத்தில், அதைச் சூதாட்டம் என்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். வேதப்போட்டிக்கு வெள்ளிக் கோப்பை வைப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, இல்லாத புதிரை இருப்பதாகக் காண்பது. திருவெளிப்பாட்டில் 666 என்று ஓர் எண் வருகிறது. அக்காலத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. நீரோ சீசரின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் அவ்வெண் கிடைக்கிறது. பெயரின் இலத்தீன் வடிவத்தைக் கொண்டு கூட்டினால் 616 வருகிறது. சில பழைய படிகளில் 616 என்றே இருக்கிறது. இப்படிப் பார்த்தால் கணக்கு நேராகிறது. ஆனால் அன்றுமுதல் இன்றுவரை தமக்குப் பிடிக்காத ஒவ்வொருவர் பெயரையும் கூட்டிக் கழித்து அந்த எண்ணைக் கொண்டுவந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1994-இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில், தொடக்கநூலின் எபிரேய எழுத்துகளைச் சம இடைவெளியில் தாவித் தாவிப் படித்தால் பிற்கால அறிஞர்களின் பெயர்களும் நாட்களும் அருகருகே வருகின்றன என்று மூவர் எழுதினார்கள். 1997-இல் மைக்கேல் டிரோஸ்னின் அதை வைத்து ஒரு நூல் எழுதினார்; அது உலகமெங்கும் விற்றது. ஆஸ்திரேலியக் கணித அறிஞர் பிரண்டன் மக்கே, திமிங்கல வேட்டையைப் பற்றிய ‘மோபி டிக்’ நாவலிலும் இதே முறையில் தலைவர்கள் கொலையுண்ட செய்திகளை எடுத்துக்காட்டினார். 1999-இல் அதே ஆய்விதழில் அவரும் மூவரும் சேர்ந்து எழுதிய மறுப்பு வந்தது. எழுத்துக் கடல் போதிய அளவு பெரிதாக இருந்தால் எந்த மீனும் சிக்கும் என்பதே அதன் சாரம். அகரவரிசைப் பாடலின் புதிர் புலவன் வைத்தது. இந்தப் புதிர் வாசகன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தது. இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாத ஆர்வம் சோதிடத்துக்கு மிக அருகில் போய்விடுகிறது.

புதிருக்கு எட்டாத இடங்களும் வேதத்தில் உண்டு. குறுக்கெழுத்துக் கட்டம் ஒரே விடையைத்தான் ஏற்கும். யோபுவின் நூலை அதில் எப்படி அடைப்பது? குற்றமற்றவன் ஏன் துன்பப்படுகிறான் என்று அவன் கேட்கிறான். நண்பர்கள் மூவரும் ஆயத்தமான விடைகளோடு வருகிறார்கள். அத்தனையும் கட்டத்தில் அழகாகப் பொருந்தும், அத்தனையும் தவறு. கடைசியில் கடவுளே சூறாவளியிலிருந்து பேசும்போதும் விடை வரவில்லை. கேள்விமேல் கேள்வியாக வருகிறது. அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

எனவே நம் தமிழ் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு தேம்பாவணி வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பாக, அறிவிப்புப் பலகையில் ஒரு வேதக் குறுக்கெழுத்தை ஒட்டிவையுங்கள். சீறாப்புராணத்துக்கும் அப்படியே செய்யலாம். பரிசு வேண்டாம். பெயர் எழுதி அனுப்பவும் வேண்டாம். இரண்டு குறிப்புகளை நானே தருகிறேன்.

இடமிருந்து வலம்: தன் பெயரின் பொருள் இனிமையாக இருக்க, இனிமேல் என்னைக் கசப்பு என்றே கூப்பிடுங்கள் என்று ஊர்ப்பெண்களிடம் சொன்ன மாமியார். மூன்று கட்டம்.

மேலிருந்து கீழ்: அரசன் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்ட சுருளை, தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல இரண்டாம் முறையும் எழுதியவன். கட்டங்களின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

விடைகளை இங்கே தலைகீழாக அச்சிடவில்லை. நூலகத்தில் வேதப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.